வழியும் உள்ளடக்கமும் அடங்காத உருள்பட்டையும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வலைப்பக்கத்தில் ஏதோ ஒன்று பெட்டியை மீறி வழிகிறது. உடனே கை எங்கே போகும் என்று நமக்கெல்லாம் தெரியும்: பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், வழிவதை என்ன செய்வது என்று சொல்லும் ஓவர்ஃப்ளோ பண்புக்கு ஹிட்டன் (மறை) என்று ஒரு வரி. வழிந்தது கண்ணிலிருந்து மறைந்துவிடும், வேலை முடிந்ததாகத் தோன்றும். இரண்டு வாரம் கழித்து அந்த ஒரு வரி வேறு முகத்தோடு திரும்பி வரும். ஒட்டி நிற்க வேண்டிய தலைப்புப் பட்டை ஒட்டாது, மெனு பாதியில் வெட்டுப்படும், பாப்அப் திறந்த பிறகும் பின்னால் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்தக் கணத்தில் உண்மையில் எந்தப் பெட்டி உருள்கிறது? அதற்கு விடை தெரியாமல் நிரலை மாற்றுவது இருட்டில் சாவியைத் தேடுவது போன்றது. ஆகவே அறிகுறிகளுக்குள் போகும் முன் அளந்து பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பண்புகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நிரலில் வழக்கமான எழுத்துகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று எண்கள்

உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து, சந்தேகத்துக்குரிய பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கருவியில் கட்டளை எழுதும் பகுதியான கன்சோலில் $0 என்று தட்டினால் அந்தப் பெட்டி உங்கள் கையில் இருக்கும். அதனிடம் கிளையன்ட்ஹைட், ஸ்க்ரோல்ஹைட், ஆஃப்செட்ஹைட் ஆகிய மூன்றையும் கேளுங்கள். கிளையன்ட்ஹைட் என்பது பேடிங் உட்பட, கண்ணுக்குத் தெரியும் உட்புற உயரம். பார்டரும் கிடைமட்ட உருள்பட்டையும் அதில் சேராது. ஆஃப்செட்ஹைட்டில் அவை இரண்டும் சேரும். ஸ்க்ரோல்ஹைட் என்பது மறைந்து கிடப்பதையும் சேர்த்த முழு உயரம்.

கிளையன்ட்ஹைட் 300, ஸ்க்ரோல்ஹைட் 740 என்று வந்தால் 440 பிக்சல் மறைந்திருக்கிறது என்று பொருள். பெட்டி எவ்வளவு கீழே உருண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் ஸ்க்ரோல்டாப் அதிகபட்சம் 440 வரைதான் போகும். இரண்டும் சமமாக வந்தால் அந்தப் பெட்டிக்குள் உருட்டுவதற்கு எதுவுமே இல்லை. அதற்கு எந்த ஓவர்ஃப்ளோ மதிப்பைக் கொடுத்தாலும் அசையாது. வழிதல் வேறு ஏதோ ஒரு தாய் உறுப்பில் நடக்கிறது.

அந்தத் தாய் உறுப்பைப் பிடிக்க ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். $0-இல் தொடங்கி பேரன்ட்எலிமென்ட் வழியாக மேலே மேலே ஏறி, ஒவ்வொரு படியிலும் உறுப்பின் பெயர், கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் தரும் (எல்லா விதிகளும் சேர்ந்து இறுதியில் நிற்கும்) ஓவர்ஃப்ளோ மதிப்பு, கிளையன்ட்ஹைட், ஸ்க்ரோல்ஹைட் என்ற இரண்டு உயரங்கள் ஆகியவற்றை அச்சிட வேண்டும். பத்து வரிகூட ஆகாது. கீழே வரும் அறிகுறிகளில் பாதியை இந்தப் பட்டியலைப் பார்த்தவுடனேயே தீர்த்துவிடலாம்.

மதிப்பைக் கொடுத்தேன், எதுவும் மாறவில்லை

முதலில் எழுத்துப்பிழை. நிரலில் ஸ்டைல் என்ற சொல்லுக்குப் பின் புள்ளி வைத்து, சிஎஸ்எஸ்ஸில் எழுதுவது போலவே ஓவர்ஃப்ளோ, இடைக்கோடு, ஒய் என்று எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த இடைக்கோட்டைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும். தொடரியல் பிழை வரும். அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. இடைக்கோட்டை எடுத்துவிட்டு ஒய்யைப் பெரிய எழுத்தாக்கிச் சேர்த்து எழுத வேண்டும்.

மதிப்பில் பிழை இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எந்த எச்சரிக்கையும் வராது. ஹிட்டனில் ஓர் எழுத்து விடுபட்டால் உலாவி அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும். மதிப்பின் பின்னால் ஆச்சரியக்குறி போட்டு இம்பார்ட்டன்ட் என்று சேர்த்து எழுதினாலும் இதே கதைதான்: முழு மதிப்பும் நிராகரிக்கப்படும். சிஎஸ்எஸ் கோப்பில் யாரோ இம்பார்ட்டன்ட் போட்டிருக்கிறார்கள், அதை நிரலால் வெல்ல வேண்டும் என்றால் செட்ப்ராபர்ட்டி என்ற முறையை அழைத்து, மூன்றாவது வாதமாக இம்பார்ட்டன்ட் என்ற சொல்லை மட்டும் கொடுங்கள்.

படிப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. ஓர் உறுப்பின் ஸ்டைல் பண்பைக் கேட்டால், அந்த உறுப்பின் மேலேயே நேரடியாக எழுதப்பட்டது மட்டும்தான் கிடைக்கும். சிஎஸ்எஸ் கோப்பிலிருந்து வந்த மதிப்பைக் கேட்டால் வெற்றுச் சரம்தான் வரும். கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலிடம்தான் கேட்க வேண்டும். அங்கேயும் கிடைமட்டமும் செங்குத்தும் வேறுபட்டால் 'ஹிட்டன் ஆட்டோ' என்று இரண்டு சொற்கள் சேர்ந்து வரும். முதலாவது கிடைமட்டத்துக்கு உரியது. ஒரே சொல்லோடு ஒப்பிடும் நிபந்தனை அங்கே பொய்யாகிவிடும். திசைக்கு ஒன்றாகத் தனித்தனியே கேளுங்கள்.

நான் ஆரம்பத்தில் புரியாமல் வெகுநேரம் திணறிய இடம் ஒன்று உண்டு. கிடைமட்டத்துக்கு ஹிட்டன், செங்குத்துக்கு விசிபிள் (வழிவது வெளியே தெரியட்டும்) என்று கொடுத்தால் உலாவி அந்த விசிபிளை ஆட்டோவாக (தேவைப்பட்டால் உருள்பட்டை) மாற்றிவிடும். ஒரு திசையில் பெட்டி உருளும் பெட்டியாகிவிட்டால் மறு திசை மட்டும் திறந்திருக்க முடியாது என்பது விதி. எதிர்பாராத இடத்தில் செங்குத்து உருள்பட்டை முளைப்பது பெரும்பாலும் இதனால்தான். வழிவதை வெறுமனே வெட்டிவிடும் கிளிப் என்ற மதிப்புக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை: ஒரு திசை கிளிப், மறு திசை விசிபிள் என்று இருக்கலாம்.

ஸ்பேன் போன்ற வரியோட்ட உறுப்புகளுக்கு ஓவர்ஃப்ளோ பொருந்தவே பொருந்தாது. அவற்றின் கிளையன்ட்விட்த் எப்போதும் 0. இன்லைன்-பிளாக் ஆக்கினால் போதும்.

பாப்அப் திறந்திருக்கிறது, பின்னால் பக்கம் உருள்கிறது

பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடி உறுப்புக்கு ஹிட்டன் கொடுத்துப் பூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. சில பக்கங்களில் அது வேலை செய்கிறது, சில பக்கங்களில் செய்வதில்லை. நிரல் ஒன்றுதான், பக்கம்தான் வேறு. ஏன்?

பாடிக்குக் கொடுக்கும் ஓவர்ஃப்ளோ பாடியில் தங்குவதில்லை. வேர் உறுப்பான எச்டிஎம்எல்லின் ஓவர்ஃப்ளோ விசிபிளாக இருக்கும்வரை, உலாவி பாடியின் மதிப்பை எடுத்து வியூபோர்ட்டுக்கு (பக்கம் தெரியும் சாளரப் பகுதிக்கு) கொடுத்துவிடுகிறது. அதனால்தான் பாடியைப் பூட்டினால் பக்கம் முழுவதும் பூட்டிக்கொள்கிறது. ஆனால் யாராவது எச்டிஎம்எல் உறுப்புக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன் என்று எழுதியிருந்தால், வேர் உறுப்பின் மதிப்பே வியூபோர்ட்டுக்குப் போகும். பாடிக்கு நீங்கள் கொடுத்தது பாடிக்குள்ளேயே கிடக்கும். பாடியின் உயரம் உள்ளடக்கத்துக்குச் சமம் என்பதால் அங்கே மறைப்பதற்கும் எதுவும் இருக்காது.

ஆகவே பூட்டை வேர் உறுப்பின் மேலேயே போடுங்கள். நிரலில் அது டாக்குமென்ட்எலிமென்ட். நேரடியாக ஸ்டைலை எழுதுவதைவிட ஒரு கிளாஸ் பெயரைச் சேர்த்து, நீக்கும் வழியை நான் விரும்புகிறேன். என்ன பூட்டப்பட்டிருக்கிறது என்பது சிஎஸ்எஸ்ஸில் ஒரே இடத்தில் படிக்கக் கிடைக்கும், விடுவிக்கும்போது பழைய மதிப்பு என்ன என்று நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

டயலாக் உறுப்பின் ஷோமோடல் முறையைப் பயன்படுத்தினால் எல்லாம் தானாக நடக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பின்னால் இருப்பதைச் சொடுக்க முடியாமல் அது தடுக்கும், உருள்வதைத் தடுக்காது. பூட்டை நாம்தான் போட வேண்டும்.

சில செயலிகளில் வியூபோர்ட் உருள்வதே இல்லை. உள்ளே மெயின் என்ற ஒரு பெட்டிதான் உருள்கிறது. அங்கே வேர் உறுப்பைப் பூட்டி என்ன பயன்? மேலே சொன்ன படியேறும் ஃபங்ஷனை ஓட்டி, உருளும் பெட்டியைக் கண்டுபிடித்து அதைப் பூட்டுங்கள்.

பூட்டியவுடன் பக்கம் வலப்பக்கம் ஒரு துள்ளு துள்ளுகிறது

உருள்பட்டை மறைந்ததும் அது பிடித்திருந்த அகலம் உள்ளடக்கத்துக்குக் கிடைக்கிறது. எல்லாம் கொஞ்சம் வலப்புறம் நகர்கிறது. பட்டை உள்ளடக்கத்தின் மேல் மிதக்கும் கைபேசியில் சோதிப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பட்டைக்குத் தனி இடம் ஒதுக்கும் கணினிகளில்தான் தெரியும்.

பட்டையின் அகலத்தைக் கணக்கிட, பூட்டும் முன் விண்டோவின் இன்னர்விட்த்திலிருந்து டாக்குமென்ட்எலிமென்ட்டின் கிளையன்ட்விட்த்தைக் கழியுங்கள். வந்த எண்ணைப் பாடியின் வலப்பக்கப் பேடிங்கோடு சேருங்கள். பூட்டிய பிறகு கழித்தால் 0தான் வரும். இந்த வரிசை மாறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபிக்ஸ்டு நிலையில், அதாவது உருட்டினாலும் திரையில் அசையாமல், இருக்கும் தலைப்புப் பட்டைக்கும் அதே அளவு இடம் விட வேண்டும், இல்லையென்றால் அது மட்டும் துள்ளும்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்றால் வேர் உறுப்புக்கு ஸ்க்ரோல்பார்-கட்டர் பண்பில் ஸ்டேபிள் என்று கொடுக்கலாம். பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கான இடம் ஒதுக்கப்பட்டே இருக்கும். குரோம் இதை 2021-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2022-இலும் ஏற்றுக்கொண்டன. சஃபாரிக்கு 18.2 பதிப்பு வேண்டும்.

பாப்அப்பை மூடிவிட்டேன், பக்கம் உறைந்து நிற்கிறது

இந்தப் பட்டியலிலேயே பயனரை அதிகம் வதைப்பது இதுதான். பக்கம் கண்முன்னே இருக்கிறது, படிக்க முடியவில்லை. பிழைச்செய்தியும் இல்லை. அவர் தன் கைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். நமக்குச் செய்தி வந்து சேராது.

காரணம் பெரும்பாலும் பழைய மதிப்பைச் சேமித்துத் திருப்பும் நிரல். முதல் பாப்அப் திறக்கிறது: பழைய மதிப்பான வெற்றுச் சரத்தைச் சேமித்துக்கொண்டு ஹிட்டன் போடுகிறது. அதன் மேல் இரண்டாவது ஒன்று திறக்கிறது: அது பழைய மதிப்பு என்று சேமிப்பது ஹிட்டனை. பயனர் முதலாவதை முதலில் மூடினால் பூட்டு விலகிவிடும். அடுத்து இரண்டாவதை மூடும்போது அது தான் சேமித்த ஹிட்டனைத் திருப்பிப் போடும். இப்போது திறந்த பாப்அப் எதுவும் இல்லை, பக்கம் மட்டும் பூட்டியிருக்கிறது.

பூட்டுக்கு ஒரே ஓர் எண்ணி வையுங்கள். திறக்கும்போது ஒன்று கூடும். மூடும்போது ஒன்று குறையும். 0-இலிருந்து 1 ஆகும்போது மட்டும் கிளாஸைச் சேருங்கள், மீண்டும் 0 ஆகும்போது மட்டும் நீக்குங்கள். எல்லா பாப்அப்களும் இந்த இரண்டு ஃபங்ஷன்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றுகூடத் தன் இஷ்டத்துக்குப் பாடியைத் தொடக்கூடாது.

கிளாஸ் இல்லாமல் ஸ்டைலில்தான் எழுதியாக வேண்டுமென்றால், விடுவிக்கும்போது விசிபிள் அல்லது ஆட்டோ என்று எழுதாதீர்கள். வெற்றுச் சரம் கொடுங்கள். விசிபிள் என்று எழுதினால் சிஎஸ்எஸ் கோப்பு சொன்னதை நீங்கள் நிரந்தரமாக மிதித்துவிடுகிறீர்கள். வெற்றுச் சரம் கொடுத்தால் உங்கள் கை விலகி, கோப்பில் உள்ளதே மறுபடி ஆட்சிக்கு வரும்.

இன்னொரு வழியிலும் பக்கம் உறையும். கைபேசி மெனு திறந்திருக்கும்போது, பூட்டு போட்ட நிலையிலேயே பயனர் ஓர் இணைப்பைத் தட்டி அடுத்த பக்கம் போகிறார். பிறகு பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறார். உலாவி பக்கத்தைப் புதிதாக ஏற்றாமல், நினைவில் வைத்திருந்த நிலையை அப்படியே எடுத்துக் காட்டக்கூடும். மெனுவும் பூட்டும் விட்ட இடத்திலேயே இருக்கும். பேஜ்ஷோ நிகழ்வைக் கேட்டு, அதன் பெர்சிஸ்டெட் மதிப்பு உண்மையாக இருந்தால் மெனுவை மூடி, எண்ணியை 0 ஆக்குங்கள்.

ஐஃபோனில் மட்டும் பூட்டு நிற்கவில்லை

ஐஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் பாடிக்கு ஹிட்டன் கொடுத்தாலும் விரலால் இழுத்தால் பக்கம் நகரும். அந்தப் பதிப்புகளுக்கும் பக்கம் சரியாக நடக்க வேண்டும் என்றால் வேறு வழி: திறக்கும்போது விண்டோவின் ஸ்க்ரோல்ஒய் மதிப்பைச் சேமியுங்கள். பாடியை ஃபிக்ஸ்டு ஆக்கி, அகலம் 100% கொடுத்து, டாப் பண்பில் சேமித்த எண்ணை எதிர்மறையாக எழுதுங்கள். 'பிஎக்ஸ்' என்ற அலகை விட்டுவிட்டால் உலாவி மதிப்பைத் தள்ளிவிடும், பக்கம் உச்சிக்குத் தாவிவிடும். மூடும்போது இவற்றை நீக்கிவிட்டு ஸ்க்ரோல்டூ மூலம் பழைய இடத்துக்குத் திரும்புங்கள்.

வேர் உறுப்புக்கு ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் என்று எழுதியிருந்தால், திரும்பும்போது பக்கம் உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். ஸ்க்ரோல்டூவுக்கு பிஹேவியர் இன்ஸ்டன்ட் என்று சொல்லிவிடுங்கள்.

உள்பெட்டியின் முடிவைத் தொட்டதும் வெளிப்பக்கம் ஓடத் தொடங்குகிறது

இதற்கு நிரல் வேண்டாம். உள்பெட்டிக்கு ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெயின் என்ற ஒரு வரி போதும். குரோமில் 2017 முதல், ஃபயர்ஃபாக்ஸில் 2018 முதல், சஃபாரியில் 2022-இல் வந்த 16-ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. ஒரு நுணுக்கம்: உள்பெட்டியில் வழிதலே இல்லாதபோது, அதாவது அந்த இரண்டு உயரங்களும் சமமாக இருக்கும்போது, இந்த வரியை நம்பியிருக்க முடியாது. பூட்டும் கூடவே இருக்கட்டும்.

டச்மூவ் நிகழ்வில் பிரிவென்ட்டீஃபால்ட் அழைத்துத் தடுத்துப் பார்த்தேன், கன்சோலில் எச்சரிக்கைதான் வருகிறது என்பவர்கள் கவனிக்க: விண்டோ, டாக்குமென்ட், பாடி ஆகியவற்றில் மாட்டும் தொடு நிகழ்வுகளை குரோம் 56-ஆம் பதிப்பு முதலும், சக்கர நிகழ்வுகளை 73 முதலும் பேசிவ் (உருள்வதைத் தடுக்காதவை) என்றே எடுத்துக்கொள்கிறது. கேட்பானை மாட்டும்போது பேசிவ் பொய் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் தடுக்க முடியும். தேவையில்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வோர் அசைவிலும் உங்கள் நிரல் முடியும்வரை உலாவி காத்திருக்க, விரலின் கீழ் பக்கம் திக்கித் திக்கி நகரும்.

புதிய செய்தி வந்தால் பெட்டி அடிவரை போவதில்லை

உரையாடல் பெட்டியில் ஸ்க்ரோல்டாப்பை ஸ்க்ரோல்ஹைட்டுக்குச் சமமாக்குகிறோம். கடைசிச் செய்தி பாதி தெரிகிறது. நிரலாக்கச் சட்டகம் எதையாவது பயன்படுத்தினால், நீங்கள் அளந்த நேரத்தில் புதிய செய்தி டாமுக்குள் (உலாவி வைத்திருக்கும் உறுப்புகளின் மரத்துக்குள்) வந்திருக்காது. சேர்ந்த பிறகு ஓடும் கட்டத்துக்கு அந்த வரியை நகர்த்துங்கள். சட்டகம் இல்லாத வெறும் நிரலில் இந்தச் சிக்கல் இல்லை: ஸ்க்ரோல்ஹைட்டைக் கேட்ட கணமே உலாவி அமைப்பைக் கணக்கிட்டு முடித்துவிடும். இப்படி இருக்க, செட்டைம்அவுட்டில் 100, 200 என்று எண் போட்டுத் தள்ளிவைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மெதுவான கருவியில் அந்த 200 போதாது, வேகமானதில் வீண்.

செய்தியில் படம் இருந்தால் கதை வேறு. நீங்கள் அடிக்குப் போன பிறகு படம் வந்திறங்கி உயரத்தைக் கூட்டும். ரிசைஸ்அப்சர்வரை மாட்டி, உயரம் மாறும்போதெல்லாம் அடிக்கு இறக்குங்கள். அதை உருளும் பெட்டியில் மாட்டினால் எதுவும் நடக்காது, ஏனென்றால் அந்தப் பெட்டியின் அளவு மாறுவதில்லை. உள்ளே செய்திகளைச் சுற்றி ஓர் உறை வைத்து, அந்த உறையில் மாட்டுங்கள்.

பயனர் பழைய செய்தியைப் படிக்க மேலே போயிருக்கும்போது அவரைக் கீழே இழுக்கக்கூடாது. புதியது சேரும் முன்பே அவர் அடியில் இருந்தாரா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் சமக்குறி போடாதீர்கள். ஸ்க்ரோல்ஹைட்டும் கிளையன்ட்ஹைட்டும் முழு எண்ணாக்கப்பட்டவை. ஸ்க்ரோல்டாப் பின்னமாக வரலாம். திரையை 125% பெரிதாக்கி வைத்திருப்பவரிடம் அது 439.2 என்று நிற்கும், 440 ஆகவே ஆகாது. ஸ்க்ரோல்ஹைட்டிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து வருவது 1 அல்லது அதற்குக் குறைவு என்றால் அடி என்று கொள்ளுங்கள். முடிவில்லாமல் ஏற்றும் பட்டியல்கள் சிலரிடம் மட்டும் பாதியில் நின்றுபோவதும் இதே காரணத்தால்தான்.

பெட்டி டிஸ்ப்ளே நன் நிலையில் இருக்கும்போது கொடுக்கும் ஸ்க்ரோல்டாப் எங்கும் பதிவாகாது. காட்டிவிட்டுப் பிறகு கொடுங்கள்.

ஆட்டோ கொடுத்தும் உருள்பட்டை வரவில்லை, பெட்டிதான் வளர்கிறது

அந்த இரண்டு உயரங்களும் சமமாக இருக்கும். பெட்டிக்கு எல்லை இல்லை என்று பொருள். 100% என்று உயரம் கொடுத்திருந்தால், தாய் உறுப்புக்குத் திட்டமான உயரம் இருக்கிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் அமைப்புக்குள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: ஃப்ளெக்ஸ் பிள்ளைகளின் குறைந்தபட்ச உயரம் இயல்பாகவே ஆட்டோ, அதாவது உள்ளடக்கத்தைவிடச் சிறியதாகச் சுருங்க மறுக்கும். ஓவர்ஃப்ளோ கொடுத்த பெட்டிக்கு அந்த மறுப்பு போய்விடும். ஆனால் அதற்கும் வெளி ஃப்ளெக்ஸுக்கும் நடுவே நிற்கும் உறைகள் இன்னும் மறுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வோர் உறைக்கும் மின்-ஹைட் 0 கொடுங்கள். கிடைமட்டத்தில் மின்-விட்த் 0. கிரிட்டில் 1எஃப்ஆர் என்பதற்குப் பதில் மின்மேக்ஸ் 0, 1எஃப்ஆர்.

பக்கம் பக்கவாட்டில் ஆடுகிறது

பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன் போட்டு இதை மூடிமறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரணம் ஒரு விண்ணப்பப் படிவம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த ஒருவரின் குறுகிய திரையில், படிவத்தின் அனுப்பும் பொத்தான் வலப்பக்க எல்லைக்கு வெளியே போய்விட்டது. பாடியில் ஹிட்டன் இருந்ததால் அவரால் பக்கத்தை நகர்த்தவும் முடியவில்லை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, அனுப்பும் வழி தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை எழுதியவன் நான்.

குற்றவாளியை நிரலால் கண்டுபிடிக்கலாம். பக்கத்தின் எல்லா உறுப்புகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் தரும் வலது எல்லையை டாக்குமென்ட்எலிமென்ட்டின் கிளையன்ட்விட்த்தோடு ஒப்பிடுங்கள். மீறுகிறவற்றுக்குச் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் போட்டால் அதுவே அகலத்தை மாற்றிவிடும். தனக்கென உருள்பட்டை உள்ள பெட்டிகளுக்குள் இருப்பவையும் பட்டியலில் வரும், அவை குற்றமற்றவை.

பிடிபடுகிறவை வழக்கமான முகங்கள்தான். 100விடபிள்யூ (வியூபோர்ட்டின் முழு அகலம்) கொடுத்த பெட்டி: அந்த அளவு உருள்பட்டையின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால், பட்டை 15 பிக்சல் என்றால் பக்கம் சரியாக 15 பிக்சல் வழியும். அடுத்து, அதிகபட்ச அகலம் இல்லாத படம், பெரிய அட்டவணை, இடைவெளியே இல்லாத நீண்ட முகவரி. கடைசியில் சொன்னதற்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் கொடுங்கள். பிரேக்-வேர்டும் சொல்லை உடைக்கும், ஆனால் பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பை அது சேர்த்துக்கொள்ளாது. ஃப்ளெக்ஸுக்குள் எனிவேர்தான் கைகொடுக்கும்.

ஹிட்டன் பெட்டி தானாக நகர்ந்து வெறுமையாகிறது

படங்கள் நகரும் ஸ்லைடர். வெளிப்பெட்டிக்கு ஹிட்டன், உள்ளே இருப்பதை டிரான்ஸ்ஃபார்ம் மூலம் தள்ளுகிறோம். சொடுக்கிப் பார்த்தால் எல்லாம் சரி. விசைப்பலகையால் டேப் அழுத்திக்கொண்டே போனவரிடம் மட்டும் திடீரென்று பாதி வெள்ளையாக நிற்கிறது.

கன்சோலில் அந்த வெளிப்பெட்டியின் ஸ்க்ரோல்லெஃப்ட்டைக் கேளுங்கள். 0 இருக்க வேண்டிய இடத்தில் 600 இருக்கும். ஹிட்டன் என்பது பயனரின் விரலுக்கும் சக்கரத்துக்கும்தான் பூட்டு. பெட்டி இன்னும் உருளும் பெட்டியேதான். நிரலும், ஃபோக்கஸும் (விசைப்பலகை இப்போது நிற்கும் உறுப்பு), பக்கத்துக்குள் தேடலும், பெயர்க்குறி இணைப்பும் அதை உருட்ட முடியும். டேப் அழுத்தியபோது ஃபோக்கஸ் மறைந்திருந்த ஸ்லைடில் உள்ள இணைப்புக்குப் போனது; அதைக் கண்ணுக்குக் கொண்டுவர உலாவி பெட்டியை உருட்டியது. உங்கள் டிரான்ஸ்ஃபார்ம் அதன் மேல் இன்னொரு தள்ளு. பட்டை இல்லாததால் பயனரால் திரும்பி வரவும் வழியில்லை.

மறைந்திருக்கும் ஸ்லைடுகளுக்கு இனெர்ட் பண்பைக் கொடுங்கள். ஃபோக்கஸ் அங்கே போகவே போகாது, திரைவாசிப்பானும் அவற்றைப் படிக்காது. வெளிப்பெட்டிக்கு ஹிட்டனுக்குப் பதில் கிளிப் கொடுங்கள். கிளிப் கொடுத்த பெட்டி உருளும் பெட்டி ஆவதில்லை, நிரலால்கூட அதை உருட்ட முடியாது. நீங்களே நிரலில் ஃபோக்கஸை நகர்த்துகிறீர்கள் என்றால் பிரிவென்ட்ஸ்க்ரோல் உண்மை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கி ஒட்டவில்லை, மெனு வெட்டுப்படுகிறது

உருட்டும்போது ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டிக்கி உறுப்பு தனக்கு மேலே உள்ள மிக அருகிலான உருளும் பெட்டியோடுதான் ஒட்டும். நடுவில் ஒரு தாய் உறுப்புக்கு யாரோ ஹிட்டன் கொடுத்திருந்தால், உருளாத அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு பக்கத்தோடு சேர்ந்து மேலே போய்விடும். படியேறும் ஃபங்ஷன் அந்தத் தாயைக் காட்டிக்கொடுக்கும். அங்கேயும் கிளிப்தான் மருந்து.

கீழ்விரி மெனு வெட்டுப்பட்டால் அதைப் பாப்ஓவர் பண்புள்ள உறுப்பாக்குங்கள். அது பக்கத்தின் மேலடுக்கில் வரையப்படுவதால் எந்தத் தாயின் ஹிட்டனும் அதைத் தொடாது. பழைய உலாவிகளுக்கு மெனுவைப் பாடியின் நேரடிப் பிள்ளையாக நகர்த்தி, பொத்தானின் இடத்தை அளந்து வைக்க வேண்டும்.

தமிழ்த் தலைப்புகளில் புள்ளியும், ஞு, ழூ போன்ற எழுத்துகளின் வாலும் வெட்டுப்படுவதும் இதே குடும்பம்தான். வரி உயரம் 1 என்று இறுக்கி, நீண்ட தலைப்புக்கு முப்புள்ளி வேண்டி ஹிட்டனும் போட்டிருப்பார்கள். கிடைமட்டத்துக்கு மட்டும் கிளிப் கொடுத்து, செங்குத்தை விசிபிளாகவே விடுங்கள். முப்புள்ளியும் வரும், எழுத்தும் முழுதாக நிற்கும்.

அச்சிட்டால் ஒரு பக்கம்தான் வருகிறது

பாடி பூட்டியிருந்து உள்ளே ஒரு பெட்டி மட்டும் உருளும் செயலிகளில் திரையில் தெரிந்ததுதான் தாளில் வரும். அச்சுக்கான சிஎஸ்எஸ் பகுதியில் வேர், பாடி, உருளும் பெட்டி மூன்றுக்கும் உயரம் ஆட்டோ, ஓவர்ஃப்ளோ விசிபிள் கொடுங்கள். அதன் பிறகும் ஒரே பக்கம் வந்தால், நிரல் எங்கோ ஸ்டைலில் நேரடியாக எழுதியிருக்கிறது. அந்த எழுத்து அச்சு விதியை வெல்கிறது. அச்சு விதியில் இம்பார்ட்டன்ட் சேருங்கள், அல்லது பிஃபோர்பிரின்ட் நிகழ்வில் அந்த ஸ்டைலை எடுத்துவிட்டு ஆஃப்டர்பிரின்ட்டில் திரும்பப் போடுங்கள். கிளாஸ் மூலம் பூட்டியிருந்தால் அச்சுப் பகுதியில் அந்த கிளாஸுக்கு ஒரு விதி எழுதினாலே முழு ஆவணமும் தாளுக்கு வந்துவிடும்.